குளத்தூர்ச் சாலையில் எரிந்த சிவப்பு விளக்கு

போன வாரம் உங்கள் பயிற்சிப் பட்டறைக்கு நான் வந்திருந்தபோது உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஆயில் விளக்கு எரிகிறது என்று ஒருவர் வந்து நிற்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்? ஒருவர் கோளாறு படிக்கும் ஸ்கேனரை மாட்டுவேன் என்றார். இன்னொருவர் சென்சாரை மாற்றிப் பார்ப்பேன் என்றார். பின்வரிசையில் நின்ற தங்கச்சி ஒருவர் மட்டும், "எந்த இடத்துல வச்சு எரியுதுன்னு கேப்பேன் சார்" என்றார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படியுங்கள்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தேன். லாரி, டிராக்டர், வேன், கார் என்று வயர் ஓடுகிற எல்லாமே என் கடை வாசலில் வந்து நின்றிருக்கின்றன. ஓய்வு பெற்றவர்கள் அடக்கமாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அது வராது. நான் நல்ல வேலைக்காரன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

தொண்ணூறுகளின் கடைசி. தை பிறந்து மிளகாய்ப் பழம் பறிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் சுடலைமுத்து தன் பழைய வெள்ளை டீசல் காரோடு வந்தார். விளாத்திகுளத்தைத் தாண்டி குளத்தூர் போகும் வழியில் ஒரு கிராமம் அவருக்கு. ஆடு மேய்க்கும் குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் ஸ்டியரிங் பிடித்தவர் அவர்தான். ஆட்டுக் கிடையில் பாதியை விற்று அந்தக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அது ஒன்றுதான் கார். பிரசவமா, காய்ச்சலா, பெண் பார்க்கப் போக வேண்டுமா, எல்லாரும் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள்.

"அண்ணாச்சி, ஆயில் லைட்டு எரியுது" என்றார். சாவியைத் திருப்பி எஞ்சினை ஓட விட்டார். விளக்கு ஒழுங்காக அணைந்தது. "இப்ப எரியல" என்றார்.

"எங்கன வச்சு எரியுது?"

"எங்க ஊருப் பாதையில எரியுது. தார் ரோட்டுக்கு வந்தா சில நேரம் அணைஞ்சிருது. கோவில்பட்டிக்குள்ள வந்தா மூச்சே விட மாட்டேங்குது."

மழைக்காலம் முடிந்ததிலிருந்து இப்படி இருக்கிறது என்றார். ஏற்கெனவே ஒரு பட்டறையில் காட்டியிருந்தார். அங்கே வண்டியை நன்றாகக் கழுவி, மேலே தூக்கிப் பார்த்து, ஆயில் பிரஷர் ஸ்விட்சை மாற்றிக் கொடுத்தார்கள். ஊர் போய்ச் சில நாளில் மறுபடி எரிந்தது. மறுபடி கொண்டுபோனார். மறுபடி கழுவி, இன்னொரு ஸ்விட்ச் போட்டார்கள். மூன்றாவது முறை போனபோது அந்த மெக்கானிக், ஆயில் பம்ப் தேய்ந்திருக்கும், எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதுள்ள எஞ்சினில் அந்த விளக்கு எரிந்தால் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் காரணமாக இருக்கும்.

"பிரிச்சா எம்புட்டு நாளு ஆகும்னு கேட்டியா?" என்றேன்.

"சாமான் மதுரையில இருந்து வரணுமாம். ஒரு மாசம்கூட ஆகலாம்ங்காவ. ஒரு மாசம் வண்டி நின்னா சனம் வேற வண்டியப் பழகிக்கிடும் அண்ணாச்சி. இப்பவே பாதிப் பேரு ஏற மாட்டேங்காவ. போன வாரம் பிரசவத்துக்கு ஒரு புள்ளைய ஏத்துனேன். அவ மாமியாக்காரி உக்காந்ததும் முதல்ல இந்த லைட்டத்தான் எட்டிப் பாத்தா. நடுவழியில எரிஞ்சிது. நிறுத்திட்டேன். அவிய எறங்கி பஸ்ஸுல போயிட்டாவ." கார்க் கதவைத் திறந்து மறுபடி மூடினார். "எறங்குனவிய ஊரு முழுக்கச் சொல்லாம இருப்பாவளா?"

அவருக்குப் போனது வண்டியின் பெயர் மட்டும் இல்லை. அதுவரை ஆட்டுக்காரன் என்றிருந்தவரை, அந்தக் காரை ஓட்டத் தொடங்கிய பிறகுதான் ஊரில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். அதையும் அவர்தான் சொன்னார்.

"எஞ்சின நாளைக்குப் பிரிச்சுக்கிடலாம். இன்னைக்கு உங்க ஊருப் பாதைக்குப் போவோம், வா" என்றேன்.

"கழுவிட்டு வந்துரட்டுமா? அடியெல்லாம் ஒரே மண்ணா இருக்கு."

"மண்ணோடயே இருக்கட்டும்."

அப்போது எனக்கு அதற்குக் காரணம் தெரியாது. கோளாறு எந்த நிலையில் வருகிறதோ அந்த நிலையிலேயே வண்டியைப் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம், அவ்வளவுதான். பின்னால் அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

அந்த விளக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது. டேஷ்போர்டு விளக்கிலிருந்து ஒற்றை வயர் இறங்கி எஞ்சினின் அடிப்பக்கம் இருக்கும் ஸ்விட்சுக்குப் போகும். ஆயில் அழுத்தம் இல்லாதபோது அந்த ஸ்விட்ச் வயரை வண்டியின் இரும்பு பாடியோடு சேர்க்கும், விளக்கு எரியும். அழுத்தம் வந்ததும் பிரிக்கும், விளக்கு அணையும். ஆக, அந்த விளக்கு எரிந்தால் இரண்டு அர்த்தம் உண்டு. எஞ்சினுக்கு ஆயில் போகாமல் இருக்கலாம். அல்லது அந்த வயர் வழியில் எங்கேயோ இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். முதலாவது என்றால் உடனே நிறுத்தாவிட்டால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். இரண்டாவது என்றால் ஒன்றும் ஆகாது. உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே சிவப்பு.

விளாத்திகுளம் தாண்டுகிற வரை விளக்கு எரியவில்லை. குளத்தூர்ச் சாலையில் கொஞ்ச தூரம் போய், அவர் ஊருக்குப் பிரிகிற மண்பாதையில் இறங்கினோம். இரண்டு பக்கமும் மிளகாய்க் காடு. மழையில் டிராக்டர் போன தடம் அப்படியே காய்ந்து கல்லாகக் கிடந்தது. கார் குலுங்கிக் குலுங்கிப் போனது. ஒரு பெரிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியதும் விளக்கு எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சுடலைமுத்து எஞ்சினை அணைத்துவிட்டார்.

"பாத்தீயளா" என்றார். குரலில் ஒரு திருப்தி. அதுவரை யாரும் அவர் சொன்னதைக் கண்ணால் பார்க்கவில்லை அல்லவா.

நான் இறங்கி பானெட்டைத் தூக்கினேன். ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. அப்போதுதான் காட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. ஒருவர் தன் மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார். பின்னால் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். பாதையில் கார் நிற்பதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் ஓடி வந்திருக்கிறார்கள்.

அவர் பெயர் கிருஷ்ணசாமி, அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர். மனைவி ரங்கம்மா. காலில் பாம்பு கடித்திருந்தது. சுருட்டை விரியன், அடித்துப் போட்டுவிட்டோம் என்று ஒரு பெண் சொன்னாள். கணுக்காலுக்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பாதம் வீங்கத் தொடங்கியிருந்தது. ரங்கம்மா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுடலை, எடுப்பா வண்டிய" என்றார் கிருஷ்ணசாமி. கதவைத் திறந்து மனைவியைப் பின் சீட்டில் படுக்க வைத்துவிட்டார்.

சுடலைமுத்து அசையவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு என்னை ஓரமாகக் கூட்டிப் போய், "அண்ணாச்சி, லைட்டு எரிஞ்சிருக்கு. நட்ட நடுவுல எஞ்சின் நின்னுட்டா என்ன செய்ய? உப்பு லாரி ஒண்ணு ரெண்டு மெயின் ரோட்டுல வரும். அதுல ஏத்தி விட்டுருவோமா?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எதற்கும் துணியாத ஆள் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். வண்டி கிளம்பி நடுவழியில் நின்றுபோனால், லாரியும் கிடையாது, காரும் கிடையாது. சாலையில் இருந்தாலாவது யாராவது வருவார்கள். ஆனால் உப்பு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மெயின் ரோடு வரைக்கும் அந்தம்மாவைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டும். காத்திருப்பதிலும் ஆபத்து, போவதிலும் ஆபத்து. இரண்டில் எது பெரிது என்பது அந்த எஞ்சினைப் பொறுத்திருந்தது. அதைச் சொல்லக்கூடிய ஆள் அந்தக் காட்டில் நான் ஒருவன்தான்.

"கொஞ்சம் பொறு. பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

"என்னத்தப் பாக்கப் போறீய?" என்று கிருஷ்ணசாமி பின்சீட்டிலிருந்து கத்தினார். "அவளுக்கு நேரம் போய்க்கிட்டு இருக்கு."

"தெரியும் அண்ணாச்சி. பாதி வழியில நிக்காமப் போகணும்லா. அதுக்குத்தான் பாக்கேன்."

தங்கச்சி, தம்பிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒருவர் கத்துகிறார், ஒருவர் உங்கள் முகத்தையே பார்க்கிறார், பத்துப் பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். கை வேகமாகப் போகத்தான் ஆசைப்படும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு விட்டேன். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகுதான் தொட்டேன்.

ஸ்விட்சில் மாட்டியிருந்த வயரைக் கழற்றினேன். முனையைத் துணியில் சுற்றி ஒதுக்கி வைத்தேன். "சாவியப் போடு, ஸ்டார்ட் பண்ணாத" என்றேன். வயரே மாட்டாமல் இருக்கும்போது விளக்கு எரியக் கூடாது. எரிந்தது.

"வயரு எங்கனயோ இரும்பத் தொடுது முத்து. லைட்டு பொய்யா எரியுது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப போவலாமா?"

"இன்னும் இல்ல."

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். விளக்கு பொய் என்று தெரிந்துவிட்டால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அந்த வயர் கெட்டுப்போயிருக்கிறது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். வயரும் கெட்டு பம்ப்பும் தேய்ந்திருக்கலாம். பொய் சொல்கிறவனைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கியாயிற்று. இனி வேறு சாட்சியைத் தேட வேண்டும்.

எஞ்சினை ஓட விடச் சொன்னேன். மேலே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, திறப்புக்கு மேலாக உள்ளங்கையைப் பிடித்தேன். சூடான ஆயில் துளித்துளியாகத் தெறித்துக் கையில் விழுந்தது. எஞ்சினின் உச்சி வரைக்கும் ஆயில் ஏறுகிறது என்றால் கீழே பம்ப் தள்ளுகிறது. காதைக் கொடுத்துக் கேட்டேன். ஆயில் இல்லாத எஞ்சின் மேல்பக்கம் காய்ந்த சத்தத்தில் தட்டும். இது நெய் விட்டதுபோல ஓடியது. (இதை உங்கள் புது வண்டிகளில் செய்து பார்க்காதீர்கள். அந்த எஞ்சினின் அமைப்பு எனக்குத் தெரியும், அதனால் செய்தேன்.)

மூடியை மூடிக் கையைத் துடைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினேன்.

"போ" என்றேன்.

"லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு அண்ணாச்சி."

"எரியட்டும். நீ ரோட்டப் பாரு. எஞ்சின நான் பாத்துக்கிடுதேன். நிறுத்தணும்னா நான் சொல்லுவேன். நான் சொல்லாம நீ நிறுத்தாத."

அவர் ஓட்டத் தொடங்கினார். கண்ணாடியை இறக்கிவிட்டு எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். கிருஷ்ணசாமி மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தங்கள் வீட்டு மொழியான தெலுங்கில் மெதுவாகப் பேசிக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் கண்ணில் அந்தச் சிவப்பு பட்டுவிட்டது.

"சுடலை, அங்கன செவப்பா என்ன எரியுது? இதுதானே எல்லாரும் சொல்லுத லைட்டு?"

சுடலைமுத்துவின் கை ஸ்டியரிங்கில் இறுகியது. நான் திரும்பி, "அது வயரு தொட்டு எரியுது. எஞ்சின் நல்லா இருக்கு. என் கண்ணால பாத்துட்டுத்தான் ஏறியிருக்கேன். நீங்க அவியளப் பாத்துக்கிடுங்க" என்றேன். என் குரலில் நடுக்கம் இல்லை. அதை அப்போதே கவனித்தேன்.

மெயின் ரோடு ஏறி வேகம் எடுத்ததும் விளக்கு தானாக அணைந்தது. சுடலைமுத்து பெருமூச்சு விட்டார். "சரியாயிட்டு அண்ணாச்சி" என்றார்.

"ஒண்ணும் சரியாகல. வயரத்தான் கழத்திப் போட்டாச்சே. இனி அது எரிஞ்சாலும் ஒண்ணுதான், அணைஞ்சாலும் ஒண்ணுதான். நீ ஓட்டு."

விளக்கு எரிந்தபோது பயப்படாததைவிட, அணைந்தபோது மனம் குளிர்ந்துவிடாமல் இருந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்த நிமிடமே கீழே இருந்து தட்டும் சத்தம் கேட்டது. 'டக், டக், டக்' என்று முன்பக்கத்தில் அடித்தது. சுடலைமுத்துவின் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாத" என்றேன். "கிளட்ச்ச மட்டும் மிதி."

மிதித்தார். எஞ்சின் சத்தம் தணிந்தது. வண்டி ஓடிய வேகத்தில் உருண்டது. தட்டுகிற சத்தம் மட்டும் மாறாமல் அடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் தணிந்தும் சத்தம் தணியவில்லை என்றால் அது எஞ்சினில் இல்லை. அடியில் ஏதோ தொங்கிச் சாலையில் இடிக்கிறது.

"எஞ்சின் இல்ல. பள்ளத்துல இடிச்சு அடித்தகடு ஒரு பக்கம் கழண்டு தொங்குது. விடு, போ" என்றேன்.

அவர் கிளட்சை விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விளாத்திகுளம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்தத் தகடு இடித்துக்கொண்டேதான் வந்தது. ஆட்கள் ஓடி வந்து ரங்கம்மாவை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். மதியம் கழிந்து ஒரு நர்சம்மா வந்து, மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், பயமில்லை என்று சொன்னார். கிருஷ்ணசாமி சுடலைமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்குச் சுடலைமுத்துமேல் மிகுந்த மரியாதை வந்தது. தன் பிழைப்பே அந்த எஞ்சின்தான் என்று தெரிந்தும், இன்னொருவர் வாய்ச்சொல்லை நம்பி, சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

தகட்டைக் கம்பியால் கட்டிக்கொண்டு, கழற்றிய வயரை அப்படியே விட்டு, மெதுவாகக் கோவில்பட்டிக்கு வந்தோம். மறுநாள் வண்டியைத் தூக்கி அந்த அடித்தகட்டை இறக்கினேன். எஞ்சினுக்குச் சேறு அடிக்காமல் இருக்கப் போடும் தகடு அது. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு மண்கட்டி இறுகிப் போயிருந்தது. மழைக்காலத்தில் அப்பிய கரிசல். ஈரத்தில் பசைபோல ஒட்டி, வெயிலில் செங்கல்லாகிவிட்டது. அந்த ஒற்றை வயர் அந்தக் கட்டிக்குள் மாட்டிக்கொண்டு, ஒரு இரும்பு விளிம்பில் உரசி உரசி, தோல் உரிந்து, அரிசி அளவுக்குச் செம்பு தெரிந்தது.

நம் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியும். காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும், நனைந்தால் ஊதும். கட்டி காயக் காய வயரை விளிம்போடு சேர்த்து இழுத்திருக்கிறது. வண்டி குலுங்கினால் செம்பு இரும்பைத் தொடும். அந்தப் பட்டறையில் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாகத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள். தகட்டுக்கு மேலே ஒளிந்திருந்த கட்டி வெளியே வரவில்லை. ஆனால் ஊறி இளகி வயரை விட்டுக்கொடுத்தது. விளக்கும் நல்ல பிள்ளையாகிவிட்டது. பார்த்த பிறகு கழுவுங்கள் என்று நான் உங்களிடம் தொண்டை வறளச் சொல்வது இதனால்தான்.

புது வயர் போட்டேன். சேறு எட்டாத உயரத்தில் வேறு வழியாகக் கொண்டுபோய், மேலே உறை மாட்டி, கிளிப் போட்டு நிறுத்தினேன். அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டி, எஞ்சின் சூடாகும் வரை ஓட விட்டுப் பார்த்தேன். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பம்ப்பில் ஒரு குறையும் இல்லை.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

"அண்ணாச்சி, ஒரு உதவி" என்றார் சுடலைமுத்து. "அந்தப் பல்ப புடுங்கிருங்க."

"எதுக்கு?"

"அது இருந்தா என் கண்ணு ரோட்டுல நிக்க மாட்டேங்குது. ஏறுதவியளும் அதையே பாக்காவ. எஞ்சின்தான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டீயளே. பொய் சொல்லுத லைட்டு எதுக்கு?"

"பொய் சொல்ல வச்சது வயரு. அத மாத்தியாச்சு."

"இருந்தாலும் வேண்டாம் அண்ணாச்சி."

அவர் பிடிவாதமாக நின்றார். பல்பைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். எத்தனையோ கடைகளில் அப்படிச் செய்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். நான் மறுத்தேன். நேற்று என்னை நம்பி ஓட்டினாய், சரி. நாளைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து வர மாட்டேன், அப்போது யாரை நம்புவாய் என்று கேட்டேன்.

அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். சாவியைப் போடச் சொன்னேன். விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அணைந்தது. அப்படிப் பல முறை செய்ய வைத்தேன். பிறகு அவரைக் கீழே கூட்டிப் போய், புது வயரைக் கையாலேயே பிடித்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதையும் ஏன் தொடாது என்று விரலால் தடவிக் காட்டினேன். கடைக்கு வேறு வண்டிகள் வந்து காத்திருந்தன. காத்திருக்கட்டும் என்று விட்டேன்.

"இனி இது எரிஞ்சா மெய்" என்றேன். "எந்த இடமா இருந்தாலும், யாரு வண்டிக்குள்ள இருந்தாலும், நிறுத்திரு. எனக்குச் சொல்லி அனுப்பு. நான் வாரேன்."

"சரி அண்ணாச்சி" என்றார். அரைமனதாகத்தான் சொன்னார்.

ரங்கம்மா சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். கதை ஊர் ஊராகப் பரவியது. சிவப்பு விளக்கு எரிய எரிய சுடலைமுத்து கார் ஓட்டி ஒரு உயிரைக் காப்பாற்றினார் என்று சொன்னார்கள். சவாரி முன்னைவிட அதிகமானது. எனக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வண்டிகள் வரத் தொடங்கின. எல்லாரும் மறக்காமல் அந்தக் கதையைக் கேட்பார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன். ஆனால் கதையைக் கேட்டவர்களில் சிலர், அந்த விளக்கு எரிந்தால் ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொண்டார்கள். அதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

சில வருடங்கள் போயின. எல்லார் கையிலும் செல்போன் வரத் தொடங்கியிருந்த காலம். ஒரு முகூர்த்த நாள் காலையில் சுடலைமுத்து போன் பண்ணினார். கழுகுமலைக் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகிறார். கோவில்பட்டியைத் தாண்டிக் கழுகுமலைச் சாலையில் நின்றுவிட்டதாகச் சொன்னார்.

"வண்டி நின்னுட்டா?"

"நான்தான் நிறுத்திட்டேன். லைட்டு எரிஞ்சிது."

நான் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். கார் சாலை ஓரத்தில் நின்றது. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தாய்மாமன் கீழே இறங்கி நின்று சுடலைமுத்துவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குப் பாம்பு கடிச்சவிய வண்டியில கெடக்கையில லைட்டு எரிய எரிய ஓட்டுனவன்தானல நீ? இன்னைக்கு மாப்பிள்ளைய ஏத்திட்டு வந்து நடுரோட்டுல நிக்க. முகூர்த்தம் தவறுனா நீயா தாலி கட்டுவ?"

சுடலைமுத்து நிமிர்ந்து நின்றார். "அன்னைக்கு வயரு கெட்டுப் போயிருந்துது. அண்ணாச்சி எஞ்சினப் பாத்துட்டுப் போன்னு சொன்னாவ, போனேன். இப்ப வயரு நல்லா இருக்கு. நான் என் கையால இழுத்துப் பாத்த வயரு. அது எரியுதுன்னா எஞ்சின்ல ஆயில் இல்ல. எடுக்க மாட்டேன்."

கழுகுமலை பஸ் ஒன்று வந்தது. சுடலைமுத்து நடுச்சாலையில் போய்க் கையை விரித்து நின்று அதை நிறுத்தினார். மாப்பிள்ளையும் தாய்மாமனும் மற்றவர்களும் ஏறிப் போனார்கள். தாலி நேரத்துக்குக் கட்டப்பட்டது என்று பிறகு தெரிந்தது. கட்டுச்சோற்று மூட்டை ஒன்று மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

நான் குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன். ஆயில் பில்டரின் ரப்பர் வளையம் பிய்ந்து வெளியே பிதுங்கியிருந்தது. உள்ளே இருந்த ஆயில் அத்தனையும் கொட்டிவிட்டது. அளவுக் கம்பியை உருவினேன், சுத்தமாகக் காய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் அந்த எஞ்சினை இரும்பு விலைக்குத்தான் போட வேண்டியிருக்கும்.

எழுந்து நின்று காருக்குப் பின்னால் சாலையைப் பார்த்தேன். ஆயில் கொட்டிய கறுப்புக் கோடு தார் ரோட்டில் வெயிலுக்குப் பளபளத்தது. அது எங்கே தொடங்குகிறது என்று பார்க்க நடந்து போனேன். அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த புளியமரம் வருவதற்குள்ளேயே அந்தக் கோடு முடிந்துவிட்டது. மாப்பிள்ளை உள்ளே இருக்க, முகூர்த்தம் நெருங்க, விளக்கு எரிந்த அந்தக் கணத்திலேயே ஒரு மனிதர் யோசிக்காமல் எஞ்சினை அணைத்திருக்கிறார்.

எத்தனையோ வண்டிகளை ஓட வைத்திருக்கிறேன். அந்தக் குட்டைக் கோட்டின் ஓரத்தில் நின்றபோது வந்த பெருமிதம் வேறு எந்த வேலையிலும் எனக்கு வரவில்லை.

"என்ன அண்ணாச்சி அங்கனயே நிக்கீய?" என்று சுடலைமுத்து கூப்பிட்டார்.

"ஒண்ணும் இல்ல, வாரேன்" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனேன்.